நீதிபதி எப்போது விலகுவார்? கிளார்க் கணக்கைப் படிக்கும் விதம்

2009 செப்டம்பர் தொடக்கத்தில் வாஷிங்டனிலிருந்து ஒரு துண்டுச் செய்தி வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், 2010 அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்கு ஒரே ஒரு லா கிளார்க்கைத்தான் எடுத்திருக்கிறாராம். வழக்கமாக நான்கு பேர் இருப்பார்கள். இதில் என்ன செய்தி என்று பக்கத்தைப் புரட்டியவர்கள் உண்டு. விவரம் தெரிந்தவர்களோ அன்று மாலையே அவருடைய நாற்காலிக்கு யார் வருவார் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து, 2010 ஏப்ரல் 9 அன்று, ஸ்டீவன்ஸ் விலகல் கடிதம் கொடுத்தார்.

நம் ஊரில் இந்தக் கலைக்கு வேலையே இல்லை. இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 வயது முடிந்தால் ஓய்வு. பிறந்த தேதி தெரிந்தால் பிரிவுபசார விழா தேதியும் தெரிந்துவிடும். அமெரிக்காவில் அப்படி வயது வரம்பு கிடையாது. நன்னடத்தை உள்ளவரை பதவி என்கிறது அங்கே அரசியல் சட்டம். போவதா இருப்பதா என்பது அந்த நீதிபதி மனதுக்குள் இருக்கும் விஷயம். அந்த மனதிலிருந்து வெளியே கசியும் மிகச் சில தடயங்களில் கிளார்க் நியமனம் ஒன்று. அமெரிக்க நீதிமன்றச் செய்திகளைப் புதிதாகப் பின்தொடர்பவர்களுக்கும், அங்கே சட்டம் படித்துவிட்டு கிளார்க் வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும் இந்தத் தடயத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கிளார்க் என்றால் யார்

கிளார்க் என்றதும் வக்கீல் குமாஸ்தா ஞாபகம் வந்தால் அதை அழித்துவிடுங்கள். இவர்கள் சட்டக் கல்லூரியில் முதல் வரிசையில் தேறி, பிறகு ஏதாவது ஒரு மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியிடம் ஓராண்டாவது வேலை பார்த்துவிட்டு வருபவர்கள். உச்ச நீதிமன்றத்துக்குச் சமீப ஆண்டுகளில் வருடம் ஏறக்குறைய நாலாயிரம் மனுக்கள் வருகின்றன. அதில் வாதம் கேட்க எடுத்துக்கொள்வது அறுபது சொச்சம். அந்த நாலாயிரத்தையும் முதலில் படித்து, இதை எடுக்கலாம், இதைத் தள்ளலாம் என்று குறிப்பு எழுதுவது கிளார்க்குகள். வாதத்துக்கு முன் நீதிபதிக்குக் குறிப்பு தயாரிப்பதும், பல சேம்பர்களில் (நீதிபதியின் அலுவலகத்துக்கு அதுதான் பெயர்) தீர்ப்பின் முதல் வரைவை எழுதுவதும் அவர்களே.

1882 இல் நீதிபதி ஹோரஸ் கிரே தன் சொந்தக் காசில் ஒருவரை வைத்துக்கொண்டதில் தொடங்கிய வழக்கம் இது. இன்று அந்த ஓராண்டு முடிந்து வெளியே வருபவருக்குப் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் சேரும்போதே 5 லட்சம் டாலர் வரை ஊக்கத்தொகை தருவதாகச் செய்திகள் வருகின்றன. இப்போதைய நீதிபதிகளிலேயே ராபர்ட்ஸ், ககன், கோர்சச், கவனா, பாரெட், ஜாக்சன் ஆறு பேரும் ஒரு காலத்தில் அதே கட்டடத்தில் கிளார்க்காக இருந்தவர்கள்.

நாட்காட்டியை மனப்பாடம் செய்யுங்கள்

நீதிமன்றப் பருவம் அக்டோபர் முதல் திங்களன்று தொடங்கும். ஏப்ரல் வரை வாதம். தீர்ப்புகள் எல்லாம் ஜூன் கடைசிக்குள், இழுத்தால் ஜூலை முதல் வாரத்துக்குள் வந்துவிடும். பிறகு கோடை விடுமுறை. பருவத்துக்கு அது தொடங்கும் ஆண்டின் பெயர்தான்: 2010 அக்டோபர் பருவம் என்றால் 2011 ஜூனில் முடிவது. இதை மாற்றிப் படித்துவிட்டால் கணக்கு ஒரு வருடம் பிசகும். புதியவர்கள் வழுக்கி விழும் முதல் இடம் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன்.

கிளார்க்குகள் மாறுவது ஜூலையில். பழைய அணி தீர்ப்புகளை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப, புதிய அணி வந்து உட்காரும். விலகும் நீதிபதிகளில் பெரும்பாலோர் கிளம்புவதும் அதே ஜூன் கடைசியில்தான். தன் அணியோடு சேர்ந்தே விடைபெறுவார். ஆகவே வருகிற ஜூலைக்கு அந்தச் சேம்பரில் யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. இந்த நியமனம் ஜூலைக்கு முந்தின மாதம் நடப்பதும் இல்லை. ஓராண்டு முன்பே எடுத்துவிடுவது வழக்கம். இரண்டாண்டு முன்பே எடுப்பவர்களும் உண்டு. நீதிபதி யாரிடமும் எதுவும் சொல்லாத காலத்திலேயே இந்தக் கணக்கு பேசத் தொடங்குவது அதனால்தான்.

நான்கு, ஒன்று, பூஜ்யம்

மூன்று எண்களை ஞாபகம் வைத்தால் போதும். பதவியில் இருக்கும் நீதிபதி நான்கு கிளார்க் வைத்துக்கொள்ளலாம். தலைமை நீதிபதிக்கு ஐந்து வரை அனுமதி உண்டு, பெரும்பாலும் அவரும் நான்கோடு நிறுத்திக்கொள்கிறார். ஓய்வு பெற்ற நீதிபதிக்கு ஒருவர்.

ஸ்டீவன்ஸ் செய்தியில் நெருப்பு இருந்தது அந்தக் கடைசி எண்ணில்தான். அவர் யாரையுமே எடுக்காமல் இருந்திருந்தால், வயது 89, மெதுவாகச் செய்கிறார் என்று விட்டிருப்பார்கள். இரண்டு பேரை எடுத்திருந்தால், மீதி இருவர் பின்னால் வருவார்கள் என்று பேசாமல் இருந்திருப்பார்கள். சரியாக ஒருவர் என்பது ஓய்வு பெற்றவருக்கு உரிய எண். வீட்டைக் காலி பண்ணப் போகிறவர் ஒரு ஆள் படுக்கும் கட்டிலை மட்டும் வாங்கியதைப் போல. அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடும்கூட: இருந்தால் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளலாம், போனால் யாருக்கும் வாக்குத் தவறியதாகாது. 1947 இல் தானே நீதிபதி ரட்லெட்ஜிடம் கிளார்க்காக இருந்தவர் ஸ்டீவன்ஸ். ஒரு இளைஞனுக்கு அந்த வேலை என்ன என்று அவருக்குத் தெரியும்.

அதே ஆண்டு வசந்தத்தில் பூஜ்யமும் பேசியிருந்தது. நீதிபதி டேவிட் சூட்டர் அடுத்த அக்டோபருக்கு ஒருவரைக்கூட எடுக்கவில்லை என்பது சக ஊழியர்களிடமும் நிருபர்களிடமும் பரவியது. மற்ற எட்டு சேம்பர்களிலும் ஆட்கள் தயார். சூட்டருக்கு அப்போது வயது 69 தான். அந்த நீதிமன்றத்தில் அது இளமைக் கணக்கு. ஏப்ரல் 30 அன்று செய்தி கசிந்தது, 2009 மே 1 அன்று உறுதியானது. ஜூன் கடைசியில் சொந்த மாநிலமான நியூ ஹாம்ப்ஷயருக்குக் கிளம்பிப் போனார்.

ஒரு நோட்டில் ஒன்பது வரி

இதைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால் ஒரு நோட்டு போடுங்கள். ஒன்பது வரி, ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒன்று. பிறந்த தேதி, பதவியேற்ற ஆண்டு, நியமித்த அதிபர், இந்தப் பருவத்துக்கு எத்தனை கிளார்க், அடுத்ததற்கு எத்தனை, அதற்கடுத்ததற்கு எத்தனை. உதாரணமாக கிளாரன்ஸ் தாமஸ், பிறப்பு 1948 ஜூன் 23, பதவி 1991, நியமித்தவர் மூத்த புஷ். சாமுவேல் அலிட்டோ, 1950 ஏப்ரல் 1, பதவி 2006, நியமித்தவர் இளைய புஷ். கிளார்க் பத்திகளைப் பென்சிலால் எழுதுங்கள்.

தகவல் எங்கே கிடைக்கும்? வரப்போகும் பருவங்களுக்கு யாரை எடுத்திருக்கிறோம் என்று நீதிமன்றம் முன்கூட்டியே அறிவிப்பதில்லை. தன் மாணவருக்கு இடம் கிடைத்தால் சட்டக் கல்லூரி சும்மா இருக்காது, பெருமையாகப் போட்டுவிடும். நீதிமன்றச் செய்தியாளர்கள் சிலர் ஆண்டு முழுக்க இதையே சேகரிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் நீதிமன்றத்தின் செய்தித் தொடர்பு அலுவலகத்தைக் கேட்கிறார்கள், சில சமயம் பதில் வருகிறது. ஸ்டீவன்ஸ் விஷயம் அப்படித்தான் உறுதியானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு நீதிபதியைப் பக்கத்துச் சேம்பரோடு ஒப்பிடாதீர்கள். அவரவர் பழக்கத்தோடு ஒப்பிடுங்கள். சிலர் இரண்டு வருடத்துக்கு ஆள் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், சிலர் கடைசியில்தான் நான்காவது ஆளைத் தேடுவார்கள். எப்போதும் தாமதிப்பவரின் காலியிடத்தில் சேதி எதுவும் இல்லை. எப்போதும் முந்திக்கொள்பவர் திடீரென்று நிறுத்தினால் அப்போது நோட்டைத் திறக்க வேண்டும்.

நான்கு பேரை எடுத்தால் இருக்கிறார் என்று அர்த்தமா?

இல்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: குறைவாக எடுப்பது கனமான அடையாளம், நிறைவாக எடுப்பதில் ஒன்றும் தெரியாது.

காரணம் எளிது. நான்கு பேரை எடுத்துவிட்டு விலகினால் நீதிபதிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. வருகிறவர்களுக்குத்தான் சங்கடம், அதையும் பெரும்பாலும் வேறு சேம்பர்கள் ஏதோ வகையில் தீர்த்துவைக்கும். ஆனால் எடுக்காமல் விட்டுவிட்டுப் பதவியில் தொடர்ந்தால் ஜூலையில் மனுக்கள் மலையாக வந்து நிற்கும், படிக்க ஆள் இருக்காது. ஆகவே இருக்கலாமா போகலாமா என்று ஊசலாடுபவர் ஆள் எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். எடுக்காமல் இருப்பவர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டவர்.

ஆந்தனி கென்னடி இதற்குப் பாடப்புத்தகம். 2017 இல் அவர் விலகப் போகிறார் என்று வதந்தி கொதித்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அவருடைய முன்னாள் கிளார்க்குகளின் சந்திப்பை ஒரு வருடம் முன்னாலேயே, அந்த ஜூனில், வைத்தார்கள். இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும் என்றார்கள். அவர் அங்கே எழுந்து அறிவிப்பு ஒன்று இருக்கிறது என்று தொடங்கி, விருந்து முடிந்தும் பார் திறந்திருக்கும் என்று முடித்துக் கிண்டல் செய்தார். அந்தக் கோடையில் 2018 பருவத்துக்கு விண்ணப்பித்தவர்களிடம், விலகுவது பற்றி யோசிக்கிறேன் என்று அவரே சொன்னதாகச் செய்தி வந்தது. பிறகு அந்தப் பருவத்துக்கும் ஆள் எடுத்துவிட்டார். சரி, இருக்கிறார் என்று பலர் நோட்டை மூடிவைத்தார்கள். 2018 ஜூன் 27, பருவத்தின் கடைசி நாள், விலகுவதாக அறிவித்தார். ஜூலை 31 முதல் அவர் ஓய்வு பெற்ற நீதிபதி. எடுத்த எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். விண்ணப்பித்தவர்களிடம் அவர் சொன்ன வார்த்தையை ஞாபகம் வைத்திருந்தவர்கள் ஏமாறவில்லை.

ரூத் பேடர் கின்ஸ்பர்க் கதை வேறு மாதிரி. 2018 இலேயே அவர் 2020 வரைக்கும் கிளார்க்குகளை எடுத்துவிட்டார் என்பது செய்தியானது. டிரம்பின் முதல் பதவிக்காலம் முடியும்வரை நகர மாட்டேன் என்பதை அவர் சொல்லும் விதம் அது என்று எல்லோரும் படித்தார்கள், சரியாகவே படித்தார்கள். அவர் விலகவும் இல்லை. 2020 செப்டம்பர் 18 அன்று, புதிய பருவத்துக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, காலமானார். அக்டோபர் 26 அன்று ஏமி கோனி பாரெட் அந்த இடத்துக்கு உறுதி செய்யப்பட்டார். கிளார்க் பட்டியல் ஒருவரின் எண்ணத்தைச் சொல்லும், ஆயுளைச் சொல்லாது.

ஸ்டீபன் பிரையர் விஷயத்தில் பட்டியல் கச்சிதமாகப் பேசியது. 2021 ஜூனில் அவர் போயே தீர வேண்டும் என்று ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. நானும் அந்தப் பருவத்தின் கடைசித் தீர்ப்பு நாளன்று ராத்திரி கண் விழித்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் வரவில்லை. அடுத்த பருவத்துக்கு அவர் நான்கு பேரையும் எடுத்துவிட்டார் என்பது அதன்பின் உறுதியானது. அந்தப் பருவத்தில் இருந்தார், அதன் நடுவிலேயே 2022 ஜனவரி 27 அன்று கடிதம் கொடுத்தார், ஜூன் 30 நண்பகலில் இறங்கினார். அவர் இடத்துக்கு வந்த கெடாஞ்சி பிரவுன் ஜாக்சன் அவரிடமே கிளார்க்காக இருந்தவர்.

வெள்ளை மாளிகையையும் செனட்டையும் எட்டிப் பாருங்கள்

கிளார்க் கணக்கைத் தனியாக வைத்துச் சொல்லும் ஜோசியம் பாதிதான் பலிக்கும். மீதிப் பாதி, காலியாகும் இடத்தை நிரப்புவது யார் என்பதில் இருக்கிறது. அதிபர் பெயர் சொல்வார், நாடாளுமன்ற மேலவையான செனட் உறுதி செய்யும். கென்னடியை நியமித்தவர் குடியரசுக் கட்சியின் ரீகன். விலகியது குடியரசுக் கட்சி அதிபர் காலத்தில், அந்த ஆண்டு நவம்பரில், அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடக்கும் இடைக்காலத் தேர்தலுக்கு முன்னால். பிரையரை நியமித்தவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன். விலகியது அதே கட்சியின் பைடன் காலத்தில், 50க்கு 50 என்று செனட் தொங்கிக்கொண்டிருந்தபோது, அதுவும் இடைக்காலத் தேர்தல் ஆண்டில். அந்த நவம்பருக்கு முன் ஜூன் மாதம் எப்போதும் சூடாகவே இருக்கும்.

ஆனால் கட்சிக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஸ்டீவன்ஸை ஃபோர்டும் சூட்டரை மூத்த புஷ்ஷும் நியமித்தார்கள், இருவருமே குடியரசுக் கட்சி. இருவரும் விலகியது ஜனநாயகக் கட்சியின் ஒபாமா காலத்தில். நீதிபதி எப்படித் தீர்ப்பு எழுதி வந்தார் என்பதைப் பாருங்கள், நியமித்தவர் பெயரோடு நிற்காதீர்கள்.

2016 க்குப் பிறகு நீதிபதிகளுக்கு இன்னொரு பயமும் சேர்ந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஸ்கலியா இறந்தபோது ஒபாமா பெயர் சொன்ன மெரிக் கார்லண்டுக்கு, குடியரசுக் கட்சி கையில் இருந்த செனட் விசாரணையே நடத்தவில்லை. ஓராண்டுக்கு மேல் அந்த நாற்காலி காலி. ஸ்கலியாவின் கிளார்க்குகளை மற்ற சேம்பர்களில் பிரித்து வைத்தார்கள். ஆகவே இப்போது செனட் யார் கையில் என்பது அதிபர் யார் என்பதற்குச் சமமான கேள்வி.

பணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 65 வயதும் 15 ஆண்டுச் சேவையும் இருந்தால், அல்லது வயதும் சேவையும் சேர்ந்து 80 ஆகும் மாதிரி 70 வயது, 10 ஆண்டு வரை ஏதாவது ஒன்று பொருந்தினால், முழுச் சம்பளத்தோடு விலகலாம். சம்பளத்துக்காக ஒட்டிக்கொண்டிருப்பவர் அங்கே யாரும் இல்லை.

விண்ணப்பிப்பவர் நீங்களே என்றால்

இதுவரை சொன்னது வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. உங்கள் ஓராண்டு வாழ்க்கை அந்தக் கணக்கில் மாட்டியிருந்தால் வேறு மாதிரி பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் பொதுவாக ஒன்பது பேருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அதில் மூத்தவர் யாராவது கூப்பிட்டால் வயதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். அவர் விலகினாலும் அந்த வாய்ப்பு மண்ணாகிவிடாது. ஓய்வு பெற்றவருக்கு உரிய அந்த ஒரு கிளார்க், பெரும்பாலும் பதவியில் இருக்கும் இன்னொருவர் சேம்பரிலும் கைகொடுப்பார். 1993 இல் நீல் கோர்சச் அப்படித்தான் சேர்ந்தார். அவரை எடுத்தவர் அந்த ஆண்டு ஓய்வு பெற்ற பைரன் வைட். உட்கார்ந்து வேலை பார்த்தது கென்னடி சேம்பரில். அதே பருவத்தில் அங்கே கிளார்க்காக இருந்த இன்னொருவர் பிரெட் கவனா. ஓய்வு பெற்றவரின் கிளார்க்காக நுழைந்தவர் பின்னாளில் என்ன ஆனார் என்பது தெரிந்ததுதான்.

உச்ச நீதிமன்றத்துக்கு முந்தைய படியான மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் பலருக்கு உண்மையான குழப்பம் வரும். தன் கிளார்க்குகளை மேலே அனுப்புவதில் பெயர்பெற்ற நீதிபதிகளை ஃபீடர் என்பார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம் கிளார்க்காக இருந்து, 2013 இல் செனட்டில் 97க்கு 0 என்று தேறி, வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஸ்ரீ சீனிவாசன் அப்படி ஒருவர். பூர்வீகம் திருநெல்வேலி பக்கம் மேலத்திருவேங்கடநாதபுரம். இந்தப் படியில் இருக்கும் நீதிபதிகளுக்கு முழு ஓய்வு தவிர இன்னொரு வழி இருக்கிறது, அதற்கு சீனியர் நிலை என்று பெயர். அந்த நிலைக்குப் போனால் அவருடைய இடம் காலியானதாகக் கணக்கு, அதிபர் புதியவரை நியமிக்கலாம். அவரோ வேலையை விடுவதில்லை. குறைந்த வழக்குகளோடு தொடர்வார். வழக்கமான நீதிபதி மூன்று மாதத்தில் பார்க்கும் அளவு வேலையாவது ஆண்டுக்குச் செய்தால் அலுவலகமும் உதவியாளர்களும் வைத்துக்கொள்ளத் தகுதி பெறுவார். ஆகவே நீங்கள் விண்ணப்பித்திருக்கும் நீதிபதி சீனியர் நிலைக்குப் போகிறார் என்று செய்தி வந்தால் அழ வேண்டாம். பல சமயம் கிளார்க் எண்ணிக்கை ஒன்றிரண்டு குறையும், அவ்வளவுதான்.

நேர்காணலில் இதைக் கேட்கலாமா என்று தயங்குவார்கள். நீதிபதியின் முகத்தைப் பார்த்து, ஐயா, எப்போது ஓய்வு என்று கேட்பது நாகரிகம் இல்லை. அந்தச் சேம்பரில் இப்போது இருக்கும் கிளார்க்குகளிடம் கேளுங்கள், எப்படியும் நேர்காணல் நாளில் அவர்களோடு தனியாகப் பேச விடுவார்கள். நேரடியாகக் கேட்காமல், அடுத்த வருடத்துக்கு எத்தனை பேரை எடுத்திருக்கிறார், அதற்கடுத்த வருடத்துக்கு நேர்காணல் தொடங்கிவிட்டதா என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகு செய்தி வந்தால் முதலில் சேம்பரிலிருந்து அழைப்பு வரும்வரை காத்திருங்கள். பெரும்பாலான நீதிபதிகள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே சொல்வார்கள், வேறு இடம் பார்த்துத் தரவும் முயல்வார்கள். அந்த இடம் உங்களுக்குச் சட்டப்படி உரியது இல்லை, மற்ற நீதிபதிகளுக்கு உங்களை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புதிதாக வருபவர் தனக்குப் பழக்கமான ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். கவனா 2018 அக்டோபர் 6 அன்று பதவியேற்றபோது நான்கு பெண்களைத் தயாராக வைத்திருந்தார். கிளார்க்குகள் எல்லோரும் பெண்களாக இருந்த முதல் சேம்பர் அது. உங்கள் பேராசிரியருக்கும் கீழ் நீதிமன்றத்தில் உங்களை வைத்திருந்த நீதிபதிக்கும் அன்றே போன் போடுங்கள். சிபாரிசுக் கடிதம் எழுதியவர்களுக்குத்தான் எந்தச் சேம்பரில் கிளார்க் கணக்கு மூன்று பேரோடு நிற்கிறது என்று தெரியும்.